பயன் பெறுபவர்

பழைய படிவம் பேர் மட்டும் கேட்கும்.
பங்கு யாருடைய பேரில் என்றால்
ஒரு பேரை எழுதுவோம், கதை முடியும்.
இந்தப் புதுப் படிவம் அப்படி விடுவதில்லை:
அந்தப் பேருக்குப் பின்னால் நிற்பவர் யார்,
அவருக்கும் பின்னால் யார்,
கடைசியில், சதையும் மூச்சுமாக
பயன் பெறுகிற ஆள் யார் என்று
நண்டு வளைக்குள் விரல் விட்டுக் கேட்கிறது.

உட்துறைமுக வீதியில் ஒரு மாடி அறை,
மை கசியும் அச்சுப்பொறி,
முப்பத்தேழு கம்பனிகளுக்குச் செயலாளர் நான்.
எந்தக் கம்பனியிலும் எனக்கு ஒரு பங்கு இல்லை.
பிழைத்த தாள்களைக் கீழே தொட்டியில் போட்டால்
மான்கள் வந்து தின்கின்றன.
இந்த ஊர் மான்களுக்குச் சட்டம் நல்ல ருசி.

பத்து மணிக்குக் குகப்பிரியன் வந்தார்.
சீனக்குடாப் பக்கம் ஐஸ் கம்பனி,
நாளுக்கு எண்ணூறு கட்டி.
ஒன்பது வருசத்துக்கு முந்தி
காசோலைகள் திரும்பி, வங்கி இவரைக் கைவிட்டபோது
தம்பியின் மனைவி பேரில் பதிந்தது.
தம்பி கட்டாரில். மனைவி பெரியாஸ்பத்திரியில் சிற்றூழியர்.

"அவவின்ர பேரையே போடுங்கோ."

"பயன் பெறுறது அவவோ, அண்ணை?"

மின்விசிறியைப் பார்த்தார்.
"வருசப் பிறப்புக்குச் சீலை எடுத்துக் குடுக்கிறனான்."

சீலைக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.
பொய் எழுதினால் தண்டம்,
உண்மை எழுதினால் பழைய கடன்காரர்.
இரண்டுக்கும் நடுவே ஒரு வெற்றுக்கோடு கிடந்தது.

யன்னலுக்கு வெளியே ஓர் எண்ணெய்க் கப்பல்.
கொடி ஒரு நாட்டுக்கு,
கப்பல் வேறொரு நாட்டுக்கு,
மாலுமிகள் மூன்றாம் நாட்டுக்காரர்,
வயிற்றிலுள்ள எண்ணெய்
நேற்றிரவு கைமாறியிருக்கலாம்.
அதனிடம் யாரும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒப்பம் அவ நேரில் வைக்க வேண்டும் என்றேன்.
ஃபோன் எடுத்தார், அதட்டினார், பிறகு கெஞ்சினார்.
இரவு வேலை முடிந்த சீருடையோடு
மேகலவல்லி படியேறி வந்தா.
கையில் டெட்டோல் மணம்.
இருங்கோ என்றதற்கு இருக்கவில்லை.
கட்டில் தலைமாட்டில் தொங்கும் துண்டுகளை
எழுத்தெழுத்தாக வாசித்த பழக்கம் போலும்:
நின்றபடியே முதற் பக்கம், இரண்டாம் பக்கம்,
அடிக்குறிப்பு,
அதன் கீழிருந்த சின்ன எழுத்து.

"அப்ப இது என்ர கம்பனியோ?"

எண்ணூறு கட்டி ஐஸும்
அந்த அறைக்குள் வந்து இறங்கின மாதிரி.

"இது சும்மா ஒரு பேருக்கு, பிள்ளை."

"பேருக்கு இல்லையாம், அத்தார்.
இதில எழுதிக் கிடக்குது."

குகப்பிரியன் சிகரெட் பத்தப் படியிறங்கிப் போனார்.
கீழே அவர் காலடிக்கு மான்கள் விலகின.

"கணக்குப் புத்தகம் இருக்கோ?
பார்த்துப்போட்டு ஒப்பம் வைக்கிறன்."

கணக்கு அவரிடம்.
என்னிடம் இருந்தது கூட்ட அறிக்கைக் கோவை.
பங்காளி கேட்டால் காட்ட வேண்டும்,
அது பழைய சட்டத்திலும் இருந்தது.
இதுவரை எந்தப் பங்காளியும் கேட்டதில்லை.
அலுமாரித் திறப்பு
லாச்சிக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டது.
நான் மெதுவாகத் தேடினேன்.
மெதுவாகத் தேடியது எனக்குத் தெரியும்.

அவ எச்சில் தொட்டுத் தாள் புரட்டினா.
வருசத்துக்கு ஒன்றாக ஒன்பது கூட்டம்.
ஒன்பதையும் நான்தான் தட்டச்சுச் செய்தேன்,
போன வருசத்துத் தாளில் திகதியை மட்டும் மாற்றி,
மேசைக்கு இந்தப் பக்கம் தனியே இருந்து.

ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஆனி பதினாலு.
அண்டைக்கு எனக்கு ஏழாம் வாட்டில டியூட்டி.
ஒரு கிழவர் செத்து, பெட்டி வரும்வரைக்கும்
நான்தான் பக்கத்தில நிண்டனான்."

பிறகு, கோபமில்லாமல்,
வெளிநோயாளர் வரிசையில் இலக்கம் கேட்கிற குரலில்:

"இஞ்ச தலைமை தாங்கினது ஆர், தங்கச்சி?"